நாயின் அன்புக்குப் பிஸ்கட் அச்சாரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன், முதன்முதலாக நாய் வளர்க்கத் தொடங்குவோருக்கான வழிகாட்டிக் கட்டுரை ஒன்று வெளிவந்திருந்தது. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணித் தொல்லை ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவை யாவும் சரியானவை. அவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாயோடு நெருக்கத்தை வளர்ப்பது எப்படி என்ற பகுதியில்தான் எனக்கு வருத்தம். சட்டைப் பையில் எந்நேரமும் தின்பண்டம் இருக்க வேண்டும், கூப்பிட்டு வந்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று, முன்னங்காலை நீட்டினால் ஒன்று என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் நாய் நம்மை நேசிக்கத் தொடங்கிவிடும் என்பதோடு அந்தப் பகுதி முடிந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு நாய் வாங்கப் போகிற குடும்பங்களை எண்ணியே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டது, இடம் கருதிச் சுருக்கிக்கொள்ளத் தங்களுக்கு உரிமை உண்டு.

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் ஊர்களில் கழிந்தது. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும்போது, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நூறு நாய்களாவது வரிசையில் நிற்கும். எந்த நாய் ஊசிக்கு அடங்கும், எது துள்ளிக் கையைப் பதம் பார்க்கும் என்பதை, அதைப் பிடித்து வந்தவரைப் பார்த்தே ஓரளவு ஊகித்துவிடலாம். சங்கிலியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ரொட்டித் துண்டை ஆட்டி ஏய்ப்புக் காட்டுபவரின் நாய் பெரும்பாலும் ஊசியைக் கண்டதும் ரொட்டியை மறந்துவிடும். ஒருமுறை பத்து வயதுப் பையன் ஒருவன், தன் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்த நாயை வெறும் கயிற்றில் கட்டி அழைத்து வந்தான். அதன் தலையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காதோரம் என்னவோ முணுமுணுத்தான். ஊசி ஏறி இறங்கியது. நாய் ஒருமுறை கண் சிமிட்டியதோடு சரி. என்னடா சொன்னாய் என்று கேட்டதற்கு, சும்மாதான் சார், வீட்டுக்குப் போயிரலாம்னு சொன்னேன் என்றான். தின்னக் கொடுப்பதற்கு அவன் கையில் ஒன்றும் இல்லை. அவன் வீட்டில் அன்று காலையில் அந்த நாய்க்கு ஏதாவது கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

நாயைப் பற்றி நம் மொழியில் முதலில் வந்து நிற்கும் சொல் நன்றி. நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக் கட்டுரையிலேயே தொடங்கிவிடுகிறோம். எதற்கு நன்றி என்றால், போட்ட சோற்றுக்கு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டிய கடமையை மனிதர்களுக்குச் சொல்லி அலுத்துப்போய், அதை நாயின் தலையில் ஏற்றி வைத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாயின் உறவைச் சோற்றுக்கடனாகப் பார்க்கும் இந்தப் பழைய நினைப்பும், தின்பண்டத்தால் அன்பை வளர்க்கலாம் என்ற புதிய அறிவுரையும் ஒரே வேரில் முளைத்தவை. முன்பு ஒருவேளைச் சோறு. இப்போது அதே கணக்கு, எலும்பு வடிவத்தில் பொட்டலம் கட்டி விற்கப்படுகிறது.

அதே கரிசல் காட்டில், கிடை ஆடுகளோடு திரியும் நாய்களை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டு, இன்று இந்தக் காடு, நாளை அடுத்த ஊர் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும் கீதாரிகளுக்கு நாய் இல்லாமல் இரவு இல்லை. அந்த நாய்களுக்குக் கிடைப்பது பொழுது சாயும் வேளையில் கம்பங்கூழோ மீந்த கஞ்சியோ, அதுவும் ஒருவேளை. எந்த வேலைக்கும் அது கூலியாக நீட்டப்படுவதில்லை; சமைத்தவர் உண்டபின் சட்டியில் மிஞ்சியது, அவ்வளவே. எனினும், ஆட்டுக்காரர் எழுந்தால் நாய் எழுகிறது; அவர் துண்டை உதறித் தோளில் போடும் ஓசைக்கே அதன் காது நிமிர்கிறது. பகல் முழுவதும் ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள், ஒரே கண்மாயில் தண்ணீர் குடித்திருக்கிறார்கள், ஒரே மர நிழலில் கண் அயர்ந்திருக்கிறார்கள். அந்த உறவு எங்கே உண்டானது என்று கேட்டால், இவற்றைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

நம் தென்மாவட்ட நாய்களான சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை ஆகியவற்றை இப்போது நகரத்தாரும் விரும்பி வாங்குகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், 2005ஆம் ஆண்டு அஞ்சல் தலையிலேயே இடம் பெற்ற பெருமைக்குரிய ராஜபாளையம் நாயை வாங்கிச் சென்றவர்கள் சிலர், ஆறே மாதத்தில், இது பிஸ்கட்டுக்குக்கூட மசியவில்லை, புத்தி மந்தம் போலிருக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். புத்தி மந்தமாவது! ராஜபாளையத்தைப் போலவே சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் இரையைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட ஓட்ட நாய்கள். முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது சரியே. ஆயினும், தொலைவில் அசையும் ஒன்றைக் கண்டதும் பாயும் அந்த இயல்பு நாயின் உடம்பில் அப்படியே இருக்கிறது. கையிலிருக்கும் துண்டைவிட வேலிக்கு அப்பால் ஓடும் ஓணான் அதற்குப் பெரிது. பல லாப்ரடார்கள் உணவைக் காட்டினால் எதையும் செய்யும் என்பதை வைத்து எல்லா நாய்களையும் அளப்பதால் வரும் குழப்பம் இது.

இதெல்லாம் ஒரு கிராமத்து ஆய்வாளரின் அனுபவக் கதை என்று தள்ளிவிடலாம். ஆகையால், ஆய்வுக்கூடத்தில் நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1954இல் பிராட்பெக் என்ற அமெரிக்க ஆய்வாளர், நாய்க்குட்டிகள் சிலவற்றுக்குத் தம் கையாலும், வேறு சிலவற்றுக்கு எந்திரத்தின் வழியாகவும் உணவு கொடுத்துப் பார்த்தார். எந்திரத்திடம் உண்ட குட்டிகளுக்கும் மனிதரின் அருகிருப்பு மட்டும் கிடைத்தது. கையால் உண்டவை மனிதரிடம் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். இரு குழுக்களும் ஒரே அளவுக்கு மனிதரை நாடின. 1998இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்து ஆய்வாளர்கள், தாய்க்கும் கைக்குழந்தைக்கும் உள்ள பிணைப்பை அளக்க உளவியலாளர் பயன்படுத்தும் சோதனையை 51 நாய்களிடம் செய்தார்கள். பழக்கமில்லாத அறையில் வளர்ப்பவர் உடனிருந்தபோது நாய் துணிந்து விளையாடியது. அவர் வெளியேறி அந்நியர் மட்டும் இருந்தபோது கதவருகே போய் நின்றது. மூன்றாண்டுகளுக்குப் பின் அதே நகரத்தவர், காப்பகங்களில் அடைபட்டிருந்த வளர்ந்த நாய்களோடு ஒருவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்றே முறை பழகினால் போதும், அவரிடம் இத்தகைய பிணைப்பின் அறிகுறிகள் தெரிய ஆரம்பித்துவிடுகின்றன என்று கண்டார்கள். மூன்று முறை, ஆக மொத்தம் அரைமணி நேரம். நம் வீடுகளில் நாய்க்குத் தின்பண்டம் தேர்ந்தெடுக்க இணையத்தில் செலவிடும் நேரம் இதைவிட அதிகம்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. மயக்க மருந்து எதுவும் கொடுக்காமல், மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் அசையாது படுத்திருக்க நாய்களைப் பழக்கி, உணவு வரப் போகிறது என்று அறிந்தபோதும், வளர்ப்பவரின் பாராட்டு வரப் போகிறது என்று அறிந்தபோதும் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி எவ்வளவு கிளர்கிறது என்று ஒப்பிட்டார்கள். 2016இல் வெளியான அந்த முடிவின்படி, 15 நாய்களில் 4 பாராட்டுக்கே கூடுதலாகக் கிளர்ந்தன; 9 நாய்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன; உணவுக்கே முதலிடம் தந்தவை 2 மட்டுமே. பதினைந்து நாய்கள் உலகத்து நாய்கள் அனைத்துக்கும் சான்றாகிவிட மாட்டா என்பதை நான் அறிவேன். ஆனாலும், நாய்க்கு வயிறு மட்டுமே உண்டு என்ற நினைப்பை அசைக்க இது போதும்.

நடுநிலைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எரிக்கா ஃபியூர்பாக்கர், கிளைவ் வின் ஆகிய இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயலை நாய்க்குத் திரும்பத் திரும்பச் செய்யப் பழக்கும்போது, சில விநாடிப் பாராட்டையும் தடவலையும்விட ஒரு துணுக்கு உணவே விரைவாக வேலை செய்தது. இதை மறுப்பதற்கில்லை. புதிதாக ஒன்றைக் கற்பிக்கவும், நகம் வெட்டும்போதும், மருத்துவரின் மேசைமீது ஏற்றும்போதும், மனிதரைக் கண்டால் நடுங்கும் தெருநாயை அணுகும்போதும் நானே உணவைத்தான் பயன்படுத்துவேன். மற்றவர்க்கும் அதையே சொல்வேன். கற்பிப்பதற்குச் சிறந்த கருவி எது என்பது ஒரு கேள்வி. அந்த நாய் யாரோடு இருந்தால் அமைதி கொள்கிறது என்பது வேறொரு கேள்வி. தங்கள் இணைப்பில் வந்த கட்டுரை முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் எழுதிவிட்டது.

இதன் விளைவை நான் என் மகன் வீட்டிலேயே கண்டேன். கோயம்புத்தூரில் அவர்கள் வளர்க்கும் லாப்ரடாருக்கு நான்கு வயது; எடை 42 கிலோ. அந்த இனத்து ஆண் நாய்க்கு முப்பத்தாறு கிலோவே மேல்வரம்பு என்று கொள்ளலாம். பேரன் கூப்பிட்டால் அது வராது. அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவின் மூடி திறக்கும் ஓசைக்கு வரும். வந்து, பேரனின் முகத்தைப் பார்க்காது, கையைப் பார்க்கும். கையில் ஒன்றும் இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடும். தாத்தா, இதுக்கு என்மேல் பாசமே இல்லை என்று பிள்ளை குறைப்பட்டபோது எனக்கு நாயின்மேல் கோபம் வரவில்லை. கை திறந்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தோம். அது நன்றாகவே கற்றுக்கொண்டது. அதன் பசியையும் முழுக்கக் குறைசொல்ல முடியாது. ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம், பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு சிறு பகுதி இல்லாமலே இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2016இல் கண்டறிந்தார்கள். இப்படிப்பட்ட இனத்தின் அன்பைத் தீனியால் வளர்க்கச் சொல்வது சர்க்கரை நோயாளியை இனிப்புக் கடையில் வேலைக்கு அமர்த்துவது போன்றது. ஒரு நாளைக்குத் தேவையான ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குமேல் தின்பண்டத்தால் வரக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வரம்பு, அந்த வீட்டில் காலைக் காப்பி வேளையிலேயே கடந்துவிடும்.

தீபாவளி அன்று மாலையில்தான் அவர்களுக்கு விளங்கியது. தெருவில் சரவெடி தொடங்கியதும் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு நடுங்கியது. டப்பாவைத் திறந்தார்கள், வரவில்லை. கோழித் துண்டை மூக்கருகே நீட்டினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. அச்சம் ஒரு அளவைத் தாண்டினால் நாயின் பசி அடங்கிவிடும். அப்போது உலகத்திலேயே விலையுயர்ந்த தின்பண்டமும் மண்ணாங்கட்டிதான். நான் பேரனைக் கட்டிலருகே தரையில் முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். கூப்பிடாதே, இழுக்காதே, பாடப் புத்தகத்தை எடுத்து மெல்ல வாய்விட்டுப் படி, அவ்வளவு போதும் என்றேன். அரைமணி கழித்து, நாய் நகர்ந்து வந்து தன் முகவாயை அவன் தொடைமீது வைத்தது. பயந்த நாயைத் தேற்றினால் பயம் வளரும் என்று சிலர் சொல்வது தவறு. அச்சம் என்பது பரிசு கொடுத்து வளர்க்கக்கூடிய வித்தை இல்லை. அன்றிலிருந்து பேரன் தினமும் அதன் அருகில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறான். நாயின் எடை இன்னும் குறையவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டப்பா என் மருமகளின் பொறுப்பில் இருக்கிறது. அதில் தலையிட எனக்குத் துணிவில்லை.

என் வீட்டுக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற ஆண்டில், எட்டு மாதம் ஆன சிப்பிப்பாறை ஆண் நாய் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். முன்பு வைத்திருந்தவர்கள் அதைப் பகலெல்லாம் மாடிப்படிக்கு அடியில் கட்டியே போட்டிருந்தார்கள். செவலையன் என்று பெயரிட்டோம். கையை உயர்த்தினால் பதுங்குவான். தட்டில் வைத்ததை நாங்கள் உள்ளே போன பிறகே உண்பான். கையில் வைத்து நீட்டியதை ஒருநாளும் வாங்கியதில்லை. அவனிடம் தின்பண்ட உபாயம் செல்லாது என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்து, நான் செய்தது ஒன்றே ஒன்று. காலையில் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். தங்கள் நாளிதழ்தான், தலையங்கம் முதல் வரிவிளம்பரம் வரை படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அவனைப் பார்க்கவுமில்லை, அழைக்கவுமில்லை. பத்தாம் நாள் பக்கத்துத் தூணருகே வந்து படுத்தான். மூன்றாம் வாரம் என் செருப்பை முகர்ந்தான். ஒரு மாதத்துக்குப் பின் ஒருநாள், நான் பக்கத்தைப் புரட்டியபோது, தாளுக்கும் என் மடிக்கும் இடையில் அவன் மூக்கு நீண்டிருந்தது. அப்போதும் நான் தலையைத் தொடவில்லை.

தொடுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் இதில்தான் தவறுகிறார்கள். மேலிருந்து கையை இறக்கி உச்சந்தலையில் தட்டுவது நமக்கு ஆசி வழங்குவது போல் இருக்கலாம்; பல நாய்களுக்கு அது அடி விழுவதற்கு முந்தைய கணம் போன்றது. நெஞ்சு, தோள்பட்டை, காது தொடங்கும் இடம், வாலுக்குச் சற்று மேலே முதுகு ஆகிய இடங்களில், பக்கவாட்டிலிருந்து, உள்ளங்கை பட மெதுவாகத் தடவிக்கொடுக்க வேண்டும். சில விநாடிகள் தடவிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். இன்னும் வேண்டுமென்றால் நாய் உடம்பைச் சாய்க்கும் அல்லது மூக்கால் கையை நெம்பும். உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பினாலோ போதும் என்று பொருள். அந்தப் போதும் என்பதை மதிக்கிற கையைத்தான் நாய் நம்பும். குழந்தைகள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் நாயின் கண்ணைத்தான் பார்ப்பேன். வெள்ளை விழி தெரிந்தால் அந்தப் படம் எனக்கு இனிப்பதில்லை.

முன்னர்ச் சொன்ன ஃபியூர்பாக்கரும் வின்னும் 2015இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், வாயால் மட்டும் புகழ்ந்துகொண்டிருப்பவரையும், பேசாமல் தடவிக்கொடுப்பவரையும் நாய்களின் முன் வைத்தார்கள். நாய்கள் தடவிக்கொடுப்பவரிடமே நின்றன. அவற்றுக்கு அது சலிக்கவும் இல்லை. சும்மா புகழ்வது, கண்டுகொள்ளாமல் இருப்பதைவிடப் பெரிதாக எடுபடவில்லை. தமிழில் பாராட்டுவதற்குத் தட்டிக்கொடுத்தல் என்றொரு சொல் இருப்பதை இங்கு நினைத்துக்கொண்டேன். சொல் என்னவோ நம்மிடம் இருக்கிறது. நாம்தான் வாயால் குட் பாய் என்று சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிடுகிறோம்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ப்பவரும் நாயும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டபோது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் இருவரிடமும் கூடியது. மனிதரால் வளர்க்கப்பட்ட ஓநாய்களிடம் இது நிகழவில்லை. ஆனால், இது ஏற்கெனவே பழகியவர்களுக்கே பொருந்தும். புதிய நாயை உற்றுப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது. நாயே முதலில் பார்க்கட்டும். பார்த்தால் கண்ணை லேசாகச் சுருக்கி, மெல்ல ஒரு சொல் சொன்னால் போதும்.

நடையில்தான் எங்கள் பழக்கம் இறுகியது. நடை என்றால், மலம் கழிக்க வைத்து வீடு திரும்பும் பத்து நிமிட அலுவலைச் சொல்லவில்லை. விடியுமுன் ஒன்றும், பொழுது சாய்ந்து தார்ச்சாலை ஆறியபின் ஒன்றும் என இருவேளை நடக்கிறோம். சித்திரை வெயிலில் சாலைமீது புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. காலை நடையில் வழி நான் சொல்வது. மாலை நடையில் வழி செவலையன் சொல்வது. ஒரு மின்கம்பத்தை அவன் மூன்று நிமிடம் முகர்ந்தால் நான் மூன்று நிமிடம் நிற்பேன். நாய்க்கு மோப்பம் என்பது நமக்குச் செய்தித்தாள். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது வாரைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது மரியாதை ஆகாது. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நானும் அவனைப் பார்க்கிறேன் என்பதை அவன் தெரிந்துகொண்ட பிறகு, வார் தொய்ந்தே கிடக்கிறது.

கூப்பிட்டால் வருவதில்லை என்பது என்னிடம் மிகுதியாகச் சொல்லப்பட்ட புகார். எப்போது கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கட்டிப்போட, குளிப்பாட்ட, மருந்து புகட்ட, விளையாட்டை நிறுத்த என்பார்கள். அழைத்தபோதெல்லாம் தொல்லைதான் வருகிறது என்றால் நாம் மட்டும் போவோமா? ஒரு நாளில் பத்து முறை கூப்பிட்டால், எட்டு முறை தடவிக்கொடுத்து, போ என்று விட்டுவிட வேண்டும். பெயரைச் சொல்லித் திட்டக் கூடாது. அன்றாடம் நாய் விரும்புகிறவை எத்தனையோ இருக்கின்றன. வாசற்கதவு திறப்பது, வாரைக் கையில் எடுப்பது, பந்தை வீசுவது, திண்ணையில் பக்கத்தில் இடம் தருவது என இவையெல்லாம் பரிசுகளே. கதவு திறக்குமுன் உட்கார்ந்தால் கதவு திறக்கும் என்பதைச் செவலையன் நான்கே நாளில் கற்றுக்கொண்டான். பல நாடுகளில் வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாய்களுக்கேகூட, கண்டுபிடித்ததற்குக் கூலி ஒரு பந்தும், அதைப் பயிற்றுநரோடு சேர்ந்து பற்றி இழுக்கும் சில நிமிடங்களுமாக இருக்கின்றன.

நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பது பழமொழி. அதில் முதல் பாதி கேலி அன்று, நோய்க்குறிப்பு என்றே சொல்வேன். அடுக்குமாடி வீட்டு நாய்க்கு உண்மையிலேயே வேலை இல்லை. அதனால்தான் செருப்பைக் கடிக்கிறது, காரணமில்லாமல் குரைக்கிறது. எங்கள் வீட்டில் மாலையில் ஒரு வேலை உண்டு. என் துண்டை வீட்டில் எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, தேடு என்பேன். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்தோ, மொட்டைமாடிக் கொடியிலிருந்தோ அதை இழுத்து வந்து என் காலடியில் போடுவான். ஐந்து நிமிட ஆட்டம்தான். அது முடிந்ததும் அவன் பெருமூச்சு விட்டுப் படுப்பதைப் பார்த்தால், அலுவலகம் முடிந்து வந்தவன் போலிருக்கும். வாரம் ஒருமுறை உண்ணி பார்ப்பதையும் இப்படித்தான் மாற்றிக்கொண்டோம். கால்விரல் இடுக்கு வரை விரித்துப் பார்க்க விடுகிற நாய், ஆளை நம்பிவிட்டது என்று பொருள்.

ஒரு தவறான புரிதலுக்கு இடம் வைக்க விரும்பவில்லை. தின்பண்டம் வேண்டாம் என்றதும், கம்பை எடுங்கள், நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்டுங்கள் என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். ஓநாய்க் கூட்டத்தில் வலியது மற்றவற்றை அடக்கித் தலைமை ஏற்கும் என்ற கருத்து, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதப்பட்டது. அக்கருத்து பரவக் காரணமானவர்களுள் ஒருவரான டேவிட் மெச் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் சுதந்திரமாக வாழும் கூட்டம் பெற்றோரும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம் என்பதைக் கண்டு, 1999இல் தம் பழைய சொல்லாட்சி பொருந்தாது என்று எழுதினார். அடிக்கிற கையைவிடப் பிஸ்கட் நீட்டுகிற கை ஆயிரம் மடங்கு மேல். அந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், டப்பாவைத் திறந்தே வைத்திருங்கள்.

சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. பகலெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு, மாலையில் அவிழ்த்து ஒரு பொட்டலம் தின்பண்டம் கொடுக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அந்த நாய் துள்ளுவதைப் பாசம் என்று படம்பிடித்து உறவினருக்கு அனுப்புகிறார்கள். விடுதலையான எவரும் துள்ளத்தான் செய்வர். பத்து மணி நேரம் வெளியே வேலைக்குப் போய்விடும் குடும்பத்தார் நாய் வாங்குவதற்குமுன், யார் அதோடு உட்காரப் போகிறார் என்பதைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவரும் இல்லையென்றால், வாங்காமல் இருப்பதே அந்த நாய்க்குச் செய்யும் நல்லது. இதை வழிகாட்டிக் கட்டுரைகள் எழுதத் தயங்குகின்றன.

ஆகவே, ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஞாயிறு இணைப்பில் இந்தப் பொருளை மீண்டும் எடுத்துக்கொள்ளும்போது, நம் பகுதி நாய்களை வளர்த்துப் பழகிய ஆட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதச் செய்யுங்கள். அவர்கள் சொல்வதில் கடையில் வாங்க வேண்டிய பொருள் எதுவும் இருக்காது. அடுத்து, அந்தக் கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு சிறுமி பிஸ்கட்டைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருக்க, நாய் பின்னங்கால்களில் நின்று எம்பிக்கொண்டிருந்தது. குழந்தையின் முகத்துக்கும் நாயின் பல்லுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அதைப் பார்த்துப் பிள்ளைகள் செய்துபார்க்க வாய்ப்புண்டு என்பதால், அத்தகைய படங்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதம் வெளியாகுமானால் என் பெயரைக் குறிப்பிட வேண்டாம். கோயம்புத்தூரிலும் தங்கள் பதிப்பு வருகிறது. மருமகள் தவறாமல் படிப்பவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
விருதுநகர் மாவட்டம்.